ஆறு மணி அழைப்பும் உன் படத்து விளக்கும்

எந்த வயரையும் தொடவிடாமல் திட்டித் திட்டியே என்னை வளர்த்த அண்ணனுக்கு,

நீ மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன வைஃபை ஒரு மாதமாக என் உயிரை எடுக்கிறது. நீ இருந்தால் ஒரு போன் போட்டிருப்பேன். "இரு வர்றேன், எதையும் புடுங்கி வச்சிறாத" என்று கத்திவிட்டு, டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருப்பாய். இப்போது யாரைக் கூப்பிடுவது? பயத்தில்தான் எழுதுகிறேன் அண்ணே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், இன்னமும் அதே ஏலக்காய் எஸ்டேட்டில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். அங்கே செல்போன் டவர் கிடையாது. காய் உலர்த்தும் ஸ்டோரில் மட்டும் நெட் உண்டு. சோலி முடிந்து ஆறு மணிக்கு அங்கே வந்து என்னைக் கூப்பிடுவார். ஆறரைக்குத் தன் அறைக்குப் போய்விட்டால் மறுநாள்தான். நம் வீட்டிலும் மலை மறைத்துக்கொள்வதால் டவர் நிற்பதில்லை, வைஃபையை விட்டால் எனக்கும் வேறு வழி இல்லை.

அந்த அரை மணி நேரத்துக்குள் அவர் குரல் கேட்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? அதே ஸ்டோருக்கு வயரிங் வேலைக்கு ஏறிப்போன உன் மேல்தானே மழையில் கிளை முறிந்து விழுந்தது. அன்றைக்கும் இங்கே நெட் இல்லை. உன் சேதி போனில் வரவில்லை. வாசல் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு ஆள் வந்துதான் சொன்னது. அதிலிருந்து போன் சத்தமில்லாமல் கிடந்தால் என் காது தானாக வாசல் கதவுக்குப் போய்விடுகிறது.

பகலெல்லாம் நன்றாக இருக்கும். சரியாக ஆறு மணிக்கு ரௌட்டரில் பச்சை விளக்குகள் மினுங்கும், அணையும், மறுபடி வரும். சில நாள் அழைப்பே வராது. சில நாள் "அலோ, கேக்குதா? இங்க காத்து ரொம்ப..." என்பார், அறுந்துவிடும். காற்று ரொம்ப என்றால் என்ன அர்த்தம்? மறுநாள் வரைக்கும் அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு நான் சாப்பிடாமல் கிடப்பேன்.

சும்மா இருக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன். பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தால் இரும்பு மறைக்கும் என்றார்கள், உன் படம் மாட்டியிருக்கும் சுவரோரம் கொண்டுவந்து வைத்தேன். தெருவில் யாரோ திருடுகிறார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றினேன். நெட் லைன்காரர் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தார். "அக்கா, லைன்ல ஒரு கொறையும் இல்ல. அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் ஒரே சேனல்ல மோதுது, வேற சேனலுக்கு மாத்தி விட்டுட்டேன், போதுமா?" என்றார். அன்று ஆறு மணிக்கும் போனது.

எதிர்வீட்டு அக்கா கேட்டுவிட்டு, "வெளக்கு வைக்கிற நேரம்டி ஆத்தா. என்னமோ குறுக்க நிக்கிது. கறுப்புக் கயிறு ஒண்ணு கட்டி விடு" என்றது. கட்டினேன் அண்ணே, ரௌட்டருக்கு. ஆன்டெனா இரண்டையும் சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சடை போட்ட மாதிரி. சிரித்துக்கொள்.

இந்த வாரம் எனக்கு வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் சாமி பக்கமும் போகவில்லை, உன் படத்துக்கு விளக்கும் போடவில்லை. மூன்று நாளும் அவர் குரல் தெளிவாக வந்தது. ஸ்டோரில் யாரோ தும்முவதுகூடக் கேட்டது. நாலாம் நாளான நேற்று தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஆறு மணிக்கு உன் படத்துக்கு முன்னால் இருக்கிற குட்டி கரண்ட் விளக்கைப் போட்டேன். வைஃபை போய்விட்டது.

அந்த நிமிடம் எனக்கு வந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. நீதான் தடுக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். தனியாக இருக்க முடியாமல் அவரையும் உன்னிடம் கூப்பிட்டுக்கொள்கிறாயோ என்று. உன் படத்தைப் பார்க்கவே பயந்துகொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவளுக்கு வருகிற நினைப்பா இது? பயம் யாரைத்தான் விட்டுவைக்கிறது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் நீ எப்போதும் திட்டுவது ஞாபகம் வந்தது. "எல்லாத்தையும் ஒரே பொட்டியில சொருகாதன்னா கேக்க மாட்டியா? மொதல்ல பிளக்கைப் பாரு, பெறகு பேசு." எழுந்து பார்த்தேன். சுவர் ஓரத்துக்கு மாற்றியபோதும் ரௌட்டரை உன் விளக்கு இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் பீரோ ஓரம் இருந்தபோதும் அதே பாக்ஸ்தான், வயரை மட்டும் இழுத்திருந்தேன். பாக்ஸ் பழசு, உள்ளே பித்தளை விரிந்து கிடக்கிறது. தினமும் ஆறு மணிக்கு உன் விளக்கின் பிளக்கைச் சொருகி அழுத்தும்போது ரௌட்டர் பிளக் நெகிழ்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அவ்வளவுதான். லைன்காரர் வந்தது காலையில், அப்போது விளக்கு ஏது?

இன்று ரௌட்டரை நேரே சுவர் பிளக்கில் கொடுத்துவிட்டேன். கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். உன் விளக்கு பிளக்கோடு என் மடியில் கிடக்கிறது. அடுப்படியில் ஒரு பிளக் இருக்கிறது, அங்கே போடலாம்தான். இந்த நேரத்தில் எதையும் தொடக் கை வரவில்லை.

இப்போது மணி ஆறு இருபது. பச்சை விளக்குகள் அசையாமல் எரிகின்றன. மேலே மலை தெரியவில்லை, மழை இறங்கிக்கொண்டிருக்கிறது. போன் அடிக்கவில்லை.

இத்தனை நாள் அழைப்பு வராவிட்டால் வைஃபையைத் திட்டுவேன். திட்டிவிட்டு, அவர் நன்றாகத்தான் இருப்பார், இந்தச் சனியன்தான் சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன். இன்று அதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது அண்ணே. சரியாக இருந்தும் ஏன் இன்னும் அடிக்கவில்லை?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி தினமும் அவர் குரல் கேட்ட பிறகுதான் உனக்கு விளக்கு. ஆறு மணியோ ஆறரையோ, மறுநாளோ. அதுவரைக்கும் கொஞ்சம் இருட்டில் இருந்துகொள். நானும் இங்கே விளக்குப் போடாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், வாசல் கதவையே பார்த்துக்கொண்டு.

பிளக்கைப் பார்த்துவிட்டுப் பேசும்,
உன் தங்கச்சி