தையல் விட்ட சட்டை

கிட்வே

சிபேசாவின் அம்மாவுக்கு,

நான் சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறாள். “உக்காந்து சொல்லுங்க தாத்தா, நீங்க நடக்கிறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்கிறாள். உட்கார முடியவில்லை.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத்துக் கால்பந்து அணியும் உங்கள் பக்கத்து அணியும் ஒன்றானபோது, சிவப்புத் துணியையும் பச்சைத் துணியையும் பாதிப்பாதியாக இணைத்து நீதான் சட்டை தைத்தாய். எனக்கும் ஒன்று தைத்தாய்.

கடைசி ஆட்டத்தில் பெனால்டி கிடைத்தது. “தள்ளுடா, நான் அடிக்கிறேன்” என்றான் நம் மகன் சிபேசா. “உன் மரக்காலுக்கு இதெல்லாம் வேணாம், போடா” என்றான் உன் அண்ணன் மகன் மும்பா. இருவரும் சேர்ந்தே உதைத்தார்கள். பந்து சந்தையில் கபெந்தா என்ற பொடிமீன் கூடைக்குள் விழுந்தது.

அன்றே அணி உடைந்தது. பையன்கள் தையலைப் பிரித்து ஆளுக்கொரு பாதிச் சட்டையோடு போனார்கள். “அண்ணனுக்கு நாலு நாள் சமைச்சுப் போட்டுட்டு வரேன்” என்று நீயும் தண்டவாளம் தாண்டினாய். இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

இப்போது சிபேசாவும் மும்பாவும் ஒரே லாரியில் சிரித்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போகிறார்கள்.

என் சட்டையும் நேற்று தையல் விட்டுவிட்டது. சந்தையில் தையல்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. உன் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பவன்