தொட்டிக்குள் முளைத்த பக்கக்கன்றுகள்

மாப்ளே,

சட்டைக் கையில் கடல் வாடை அடிக்கிறது. தேனியில் மருந்துக்கடைக் கல்லாவில் இருப்பவன் மேல் இந்த வாடை வந்தால், அவன் உன் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறான் என்று அர்த்தம். முன்பு இதைப் பெருமையாக முகர்ந்ததுண்டு. இன்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உப்புத்தண்ணீர்த் தொட்டிப் பைத்தியம் நம் இருவருக்கும் சேர்ந்தே பிடித்தது. வாழைத் தோட்டக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று கம்பத்தில் உன் சொந்தபந்தமே சிரித்தது. நீயோ மதுரைக் கடையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை வாங்கிவந்து, பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். பூவைப்போல விரியும் கடல் பிராணி அது; இதழ் போன்ற கைகளின் நுனியில் குமிழ் விடும் இனம். தொட்டியில் புதிதாக எது தலைகாட்டினாலும் எனக்குப் படம் வரும். அடிப்பாகம் எங்கே ஒட்டியிருக்கிறது, நுனி உருண்டையா கூரா, தொட்டால் சட்டென்று சுருங்குகிறதா என்று உன்னைப் படுத்தியெடுத்துவிட்டுப் பெயர் சொல்வேன். வேண்டாதது என்றால் வேண்டாதது என்றே சொல்வேன். உன்னிடம் பூசி மெழுகியதே இல்லை.

நீ கடைசியாக அனுப்பிய படத்தில், தாயைச் சுற்றிப் பாறைமேல் பொடிப்பொடியாகச் சில முளைத்திருந்தன. "பக்கக்கன்னு விட்டுருச்சு மாப்ளே" என்று குரல்பதிவு வேறு. படம் மங்கலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு உனக்குப் போட மாலையோடுதான் வந்தேன். மாரடைப்பு என்றார்கள். அன்று தொட்டிப் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

இன்று காலை உன் வீட்டுக்காரி கூப்பிட்டுவிட்டாள், போனேன். உப்பைக் கரைத்துத் தண்ணீர் மாற்றி, அவள் அந்தத் தொட்டியைக் கைவிடாமல் வைத்திருக்கிறாள்.

"கன்னு விட்டுருச்சுன்னு அவுக அம்புட்டு சந்தோசப்பட்டாக. எல்லாத்துக்கும் எறாத்துண்டு போட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன். கன்னுதானண்ணே?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் சாமந்தி அடிப்பாகத்தைப் பாறை இடுக்கில் ஒளித்துவைக்கும் இனம். இவை பாறையின் முதுகில் வெட்டவெளியில் ஒட்டிக்கொண்டு, பொத்தான் அளவுக்குமேல் வளராமல், குட்டைக் கைகளோடு கணக்கில்லாமல் பெருகியிருந்தன. மஜானோ என்பார்கள். கடல் சாமந்தியில் இது களை. இவை கொட்டிக் கொட்டியே தாய் கண்ணாடி மூலைக்கு ஒதுங்கிச் சுருங்கிக் கிடந்தது. இப்படியே விட்டால் போய்விடும்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினேன். துக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னோம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை. உன் சாமந்தியை அவள் கையாலேயே சாகடிக்க ஏற்பாடு செய்துவிட்டல்லவா போகிறேன். உத்தமபாளையத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்தேன்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"கன்னாவே இருந்தாலும், தாய்க்கு ஆகலைன்னா அறுக்கத்தான செய்வோம். வாழைக்காரிக்குத் தெரியாதாண்ணே? அவுக கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பீக. எனக்குப் பொய்யே போதும்னு நெனச்சிட்டீகளா?"

அவளே சுண்ணாம்பைக் குழைத்தாள். ஊசி போடும் சிரிஞ்சில் அதை ஏற்றி, களை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தோம்; அது பொசுக்கிக் கொன்றுவிடும். மொத்தமாக வைத்தால் தண்ணீர் கெட்டுவிடும் என்று பாதியோடு நிறுத்தினோம். தாய் பிழைக்குமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

இனிமேல் தானே படம் அனுப்புவதாகவும், உன்னிடம் சொன்ன மாதிரியே தன்னிடமும் சொல்ல வேண்டும் என்றும் கிளம்பும்போது சொன்னாள். தலையாட்டினேன். நீ போனதிலிருந்து அவளைப் பாவம் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன், மாப்ளே. உனக்குக் கொடுத்த மரியாதையை அவளுக்குக் கொடுக்கத் தோன்றவே இல்லை. அந்த வெட்கம் என்னோடு வந்துவிட்டது. அவளிடமிருந்து படம் வரும்போதெல்லாம் அதுவும் வரும். வரட்டும்.