வண்டி போகாதுங்க

ஏற்காடு
14.6.88

அன்புள்ள பாவாயிக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

போன ஞாயிறு, நான் காவல் பார்க்கும் வனப் பூங்காவுக்கு நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஊற்றுக்கு இறங்கும் சோலைச் சரிவைக் காட்டி, "இதுல வண்டி போகுமா?" என்றார்கள்.

"போகாதுங்க" என்றேன். கூடாது என்பதை நாம் அப்படித்தானே சொல்வோம்? அவர்கள் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார்கள்.

"போகுதான்னு பாத்துருவோம்டா!"

மறிக்கப் போனதில் எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஊற்றின் கரைதான் உடைந்துவிட்டது. பக்கத்துத் தலைச்சோலை ஊர்ப் பெண்கள் குடம் வைக்கும் இடமெல்லாம் சேறு.

பழைய எஸ்டேட் லாரிப் பாதையை அந்த மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிடலாம் என்கிறார் ரேஞ்சர். விடட்டும், இளவட்டங்கள்தானே. ஆனால் அடுத்த ஞாயிறு சரிவுப் பக்கம் வந்தால்? "உள்ளே வராதே" என்று அதட்டிப் பழகுகிறேன். கடைசியில் "ங்க" ஒட்டிக்கொள்கிறது.

முழங்காலுக்குக் கட்டுப் போட என் பழைய வேட்டியைக் கிழித்து அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும்.

தபால்காரர் நிற்கிறார். போன கடிதத்தில் "இந்தக் குளிரில் நீ இருக்க முடியாது" என்று எழுதியிருந்தேன். அதை நீ சவாலாக எடுத்துக்கொண்டால் நான் மறிக்க மாட்டேன்.

செங்கோடன்