நான்சிக்கு இரண்டு ஊசி

மாதா துணை

கல்வராயன் மலை,
11.8.2024

அன்புள்ள தங்கை டயானாவுக்கு,

அக்கா ரீத்தா எழுதுவது. நான்சி நலம், உன் மாமா நலம். என்னைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். ஃபோன் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். இங்கே டவர் கிடைப்பது பள்ளிக்கூட மேட்டில் மட்டும்தான், அங்கே நின்று பேசினால் பாதி மலைக்குக் கேட்கும். நீயும் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, நான் நர்ஸ் வேலை பார்க்கும் சப்-சென்டர் விலாசத்துக்கு எழுது.

மழை ஜாஸ்தி. மரவள்ளி நிலத்திலேயே அழுகுகிறது. கரும்பு சீசன் இல்லாததால் உன் மாமா லாரியில் ஆத்தூருக்குக் கிழங்கு லோடு அடிக்கிறார், வாரம் ஒரு நாள்தான் வீடு. நான்சிக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. என்னைவிட உயரமாகிவிட்டாள், என் செருப்பையே போட்டுக்கொண்டு போகிறாள்.

எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மூன்றாம் கட்டம். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் போன வாரம் சொன்னார்கள்.

திட்டாதே. நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாகிவிட்டது. இந்த மலையில் நானூறு பெண்களுக்கு மேல் கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவி இந்த நோய் இருக்கிறதா என்று பார்த்தவள் நான். இருசம்மாள் என்று ஒருத்தி, காட்டுக்குள் ஓடி ஒளிந்தவளைத் துரத்திப் பிடித்துப் படுக்க வைத்தேன். வெள்ளைத் திட்டு தெரிந்தது, ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள், இன்று விறகு சுமக்கிறாள். நான்தான் படுக்கவில்லை. அந்தப் பரிசோதனை தெரிந்த இன்னொரு நர்ஸ் இங்கே அமிர்தம் மட்டும்தான், அவளோ என் ஓரகத்தி. மாமாவின் அண்ணன் பொண்டாட்டி முன்னால் போய் எப்படி என்று ஏழு வருஷம் தள்ளிப்போட்டேன்.

டாக்டர் இதற்குக் காரணமான வைரஸின் பெயரைச் சொன்னதும் உன் ஞாபகம் வந்தது. உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் அட்டையில் பார்த்த பெயர். உன்னிடம் ஏதாவது மருந்து இருந்தால் ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா,
ரீத்தா

*

பெங்களூரு,
20.8.2024

என் அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு லேப் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என்னிடம் மருந்து இல்லை அக்கா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆறு வருஷமாகப் பார்ப்பது அந்த வைரஸின் ஒரே ஒரு புரதத்தை. மற்ற புரதங்கள் மடிந்து ஓர் உருவத்துக்கு வந்துவிடும். இது அப்படி இல்லை. இதன் பாதி உடம்புக்கு உருவமே கிடையாது, பிரித்துப்போட்ட நூல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த நூலில் ஐந்தே கண்ணி நீளத்துக்கு ஒரு துண்டு. நம் செல் கண்டபடி பெருகாமல் இருக்க உள்ளே ஒரு பிரேக் இருக்கிறது, அந்தத் துண்டு போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் ஏன் அதைக் கிட்டே வர விடுகிறது என்று கேட்பாய். நம்முடைய சொந்தப் புரதங்களும் அதே துண்டை வைத்துக்கொண்டுதான் அதனிடம் வந்துபோகின்றன. வைரஸ் அதைக் காப்பியடித்து வைத்திருக்கிறது, அதனால் பிரேக்குக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அந்தத் துண்டுக்கு உருவம் இல்லாததால் மருந்து போய் ஒட்ட இடமும் இல்லை. அந்தப் பிடியை விடுவிக்க நாங்கள் செய்த ஒரு பொருள் கண்ணாடித் தட்டில் வேலை செய்கிறது. மனித உடம்புக்கு வரப் பல வருஷம் ஆகும், வராமலும் போகலாம்.

இவ்வளவு தெரிந்தவள் உன்னிடம் ஒருமுறைகூட "டெஸ்ட் எடுத்துக்கிட்டியா" என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாமா என் வேலையைப் பற்றிக் கேட்டார். புரதம் என்றேன். "பருப்புல கீதே, அந்தப் புரோட்டீனா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். எப்படித் தொற்றும் என்று அவர் அடுத்து கேட்டுவிடுவாரோ, படுக்கையில் தொற்றுவது என்று சொல்லவேண்டி வருமோ என்று வெட்கம். உனக்கு ஓரகத்தி, எனக்கு மாமா.

ரேடியேஷனை ஒரு நாளும் விடாதே. இன்னொன்று, நான்சிக்குத் தடுப்பூசி. வைரஸ் உடம்புக்குள் வருமுன் போட்டால்தான் பலன். அவள் வயதுக்கு இரண்டு ஊசி, ஆறு மாத இடைவெளி. இந்த மாதமே முதல் ஊசியைப் போடு.

டயானா

*

கல்வராயன் மலை,
9.9.2024

அன்புள்ள டயானாவுக்கு,

ரேடியேஷன் நடக்கிறது. சோறு இறங்கவில்லை, மற்றபடி குறையில்லை.

ஊசி விஷயத்தை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உன் மாமாவிடம் சொன்னேன். எதற்கு என்றார். எனக்கு வந்தது அவளுக்கு வராமலிருக்க என்றேன். எப்படி வரும் என்றார். சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாடி சொல்ற? படிக்கிற பொண்ணுக்கு அந்த ஊசி இன்னாத்துக்கு? அப்ப ஒனக்கு நாந்தான் குட்த்தேன்னு ஊருக்கே சொல்லப்போறியா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் லோடு போய்விட்டு வந்து ஒன்றுக்குப் போக முடியாமல் துடித்தார், நான்தான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எதனால் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஊசிக்குச் சம்மதித்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறார். என் கையால் ஊசி போட்டால் நான்சியை மணலூர்பேட்டைக்குத் தன் அம்மாவிடம் கூட்டிப்போய்விடுவேன் என்கிறார். செய்யக்கூடிய ஆள்தான்.

ஒன்று கேட்கிறேன். இது யாரிடமிருந்து, எந்த வருஷம் வந்தது என்று உங்கள் மெஷினில் தெரியுமா?

ரீத்தா

*

பெங்களூரு,
17.9.2024

அக்கா,

தெரியாது. யாரிடமிருந்து, எப்போது என்று எந்த மெஷினும் சொல்லாது. பத்து வருஷம், இருபது வருஷம்கூட சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். அந்த மாத்திரை வேறு நோய்க்கானது, அதை வைத்தும் நிரூபிக்க முடியாது. ஆனால் நீ பதினைந்து வருஷமாக யாருடன் வாழ்கிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு நிரூபணம் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன். மாமா முகத்துக்கு நேராக நானே கேட்கிறேன். பெற்ற மகளைவிட மானம் பெரிதா என்று அவர் எனக்குப் பதில் சொல்லட்டும்.

டயானா

*

கல்வராயன் மலை,
3.10.2024

என் செல்லத் தங்கைக்கு,

வராதே என்று அமிர்தத்தின் ஃபோனிலிருந்து மெசேஜ் போட்டேனே, அதற்குக் கோபப்பட்டிருப்பாய். காரணத்தை எழுதுகிறேன்.

நேற்று நான்சிக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. உன் மாமாவே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார்.

இருபது வருஷம்கூட உள்ளே கிடக்கும் என்று எழுதியிருந்தாயே, அதைப் பலமுறை படித்தேன். பிறகு அவரிடம், இது உங்களால் வந்ததில்லை, என்னால் வந்தது என்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன்பு ஒருவன் இருந்தான் என்றேன். பேரைக் கேட்டார். நம் தெருவில் மஞ்சள் காமாலையில் போனானே டென்னிஸ், அவன் பேரைச் சொன்னேன். அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அவர் அடிக்கவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது டயானா, நான் பார்த்தேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. "ஒன் புத்தி பொண்ணுக்கும் வந்துச்சின்னா? அந்த ஊசியாவது போட்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு அது போதும்.

இப்போது என்னிடம் பேசுவதில்லை. பாண்டிச்சேரிக்கு அமிர்தம்தான் துணைக்கு வருகிறாள், அவளும் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான்சி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளாக என் பக்கத்தில் படுப்பதில்லை.

இரண்டாவது ஊசி ஏப்ரலில். அதுவரை இந்தப் பொய் அசையக் கூடாது. உன் மாமா ஒருநாள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். தங்கச்சிக்குத் தெரியாமல் இருக்குமா என்று நேற்றே முனகினார். ஆமாம், எனக்கும் தெரியும் என்று சொல். நான்சி கேட்டாலும் அதையே சொல். அவள் குழந்தை, நிஜம் தெரிந்தால் அடுத்த நிமிஷம் அப்பாவிடம் போய்ச் சண்டை போடுவாள். நீ என் மேல் சத்தியம் செய்யவேண்டாம், சொன்னால் மட்டும் போதும்.

உன் அக்கா,
ரீத்தா

*

பாண்டிச்சேரி,
5.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். இதை நர்ஸ் தங்கமணியிடம் கொடுத்திருக்கிறேன், நீ கண் விழித்ததும் படித்துக்காட்டுவதாகச் சொன்னார். அவர் வெளியூர்க்காரர், பயப்படாதே.

நான்சிக்கு நேற்று இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டது. நானும் கூடப் போயிருந்தேன். கை வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை.

திரும்பி வரும்போது, நீ எழுதியிருந்தாயே, அந்தக் கேள்வியைப் பஸ்ஸில் மாமா கேட்டார். ஆமாம் என்றேன். நான்சி முன் சீட்டில் இருந்தாள். இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமா சித்தி?" என்றாள். ஊசி முடிந்துவிட்டாலும் உன்னைக் கேட்காமல் மாற்றிச் சொல்ல முடியவில்லை, அவளிடமும் ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறாள்.

டயானா