மூடியில் எழுதிய பன்னிரண்டு தட்டுகள்

சனி, 12

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், படிக்காமல் மூடிவிடுங்கள். படித்தே ஆக வேண்டுமென்றால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அக்காவிடம்.

இன்று அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் மேடத்திடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். கையுறை மாட்டிவிட்டாள், இரண்டு அளவு பெரிது. கிருமி வளர்க்கும் ஊட்டக் கூழ் கொதித்து ஆறும்வரை தன் கிருமியைப் பற்றிச் சொன்னாள்.

"புரதம் கட்டற இடத்துக்கு அமினோ அமிலத்தைத் தூக்கிட்டு வர்ற ஆளு இருக்கு, டி.ஆர்.என்.ஏ.ன்னு பேரு. கிருமி பட்டினி கிடந்தா அது வெறுங்கையோட நிக்கும். அந்த வெறுங்கைதான் விஷயமே."

"வெறுங்கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

"மரபணுவோட செய்தியை எழுத ஆரம்பிச்சதும் முதல் துண்டு மடங்கிக்கும். எழுத்து அங்கேயே நின்னுடும். வெறுங்கையோட வர்றது போய் அந்தத் துண்டைப் புடிச்சுக்கும், மடங்க விடாது. எழுத்து மேல போகும். பட்டினியைத் தீர்க்கற மரபணு வேலை செய்யும். சுமையோட வந்தா புடிக்கக் கை ஏது?"

அந்தத் துண்டுக்குப் பின்னால் நீல நிறம் தரும் மரபணு ஒன்றை ஒட்டியிருக்கிறாள். பட்டினி போட்டால் கிருமி நீலமாக வளரும். வயிறு நிறைந்தால் வெள்ளை. இதைக் கட்டி முடிக்கவே இரண்டு வருடம். இன்றுதான் முதல் சோதனை. கூழ் ஊற்ற மூடி போட்ட சின்னத் தட்டுகள் பன்னிரண்டு. ஆறில் அந்த அமினோ அமிலம் துளியூண்டு, ஆறில் தாராளம்.

கூழை அவள் ஊற்ற ஊற்ற, எது பட்டினித் தட்டு, எது ஊட்டத் தட்டு என்று எழுதுவது என் வேலை. "அடியில எழுது, குள்ளி" என்றாள். அடிப்பக்கம் சூடாக இருந்தது. மூடி வழவழவென்று இருந்தது. மூடியில் எழுதினேன். கையெழுத்து அழகாக விழுந்தது.

"பத்து நிமிஷம் மூடியைத் திறந்து காய விடு" என்று சொல்லிவிட்டுக் கிருமி எடுத்து வரப் போனாள். திறந்தேன். பன்னிரண்டு மூடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

மூடப் போகும்போதுதான் உறைத்தது. எந்த மூடி எந்தத் தட்டுக்கு? எல்லாத் தட்டும் ஒரே நிறம். வாசலில் அவள் குரல் வேறு. ஸ்பிரிட்டில் மூடிகளைத் துடைத்துவிட்டு, குத்துமதிப்பாக அடியில் எழுதிவிட்டேன்.

"பரவாயில்லையே, முத்து முத்தா இருக்கு" என்றாள்.

ஞாயிறு, 13

ஒருவேளை சரியாகவே விழுந்திருக்கும். விழக்கூடாதா என்ன?

திங்கள், 14

விழவில்லை.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா என்னவென்று கேட்டாள்.

"பட்டினித் தட்டுல மூணு நீலம், மூணு வெள்ளை. ஊட்டம் போட்டதுலயும் மூணு, மூணு. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

"இங்கயும் ஒருத்தி அப்படித்தான், எவ்வளவு போட்டாலும் உடம்புல ஒட்டல" என்று அம்மா என்னைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடத்தோடு கூட்டமாம். கட்டியதே தப்பு என்று ஒப்புக்கொண்டு, இந்தக் கேள்வியை விட்டுவிடப் போகிறாளாம். இரண்டு வருடம்! எத்தனை ராத்திரி சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருந்தோம். எல்லாம் என் அழகான கையெழுத்தால். சொல்லிவிடலாமா? சொன்னால் இனி என் முகத்தில் விழிப்பாளா? சொல்லாவிட்டால் நான் எப்படி அவள் முகத்தில் விழிப்பேன்?

பயமா இருக்கு. ரொம்ப.

செவ்வாய், 15

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து மேடத்துக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமாகக் கணக்கு நோட்டோடுதான் போவேன்.

"என்னடி, வெறுங்கையோட வந்து நிக்கற?"

அவ்வளவுதான், எல்லாம் கொட்டிவிட்டது. மூடி, ஸ்பிரிட், குத்துமதிப்பு, எல்லாம். அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். ஃபோனை எடுத்துத் தட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து.

"நீலப் புள்ளியெல்லாம் சிறுசு" என்றாள், என்னிடம் அல்ல. "வெள்ளையெல்லாம் வயிறு நிறைஞ்ச மாதிரி கொழுகொழுன்னு இருக்கு. ஒரே தட்டுல ரெண்டு நிறம் எங்கயுமே இல்ல. கண்ணு முன்னாடி இருந்திருக்கு. நான் உன் எழுத்தைத்தான் நம்பினேன்."

பிறகு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே. சட்டென்று நிறுத்தினாள்.

"மூடியில எழுதினது தப்பே இல்ல. நானும் முதல் மாசம் எழுதியிருக்கேன். அழிச்சுட்டு அழகா எழுதி வெச்ச பாரு, அதுதான் தப்பு."

"மன்னிச்சுடுக்கா."

"படம் பார்த்து நான் நினைக்கறது போதாது. காலையில மறுபடி ஊத்தறேன். கடிதத்தை அனுப்பல. போய் மூக்கைச் சிந்து."

நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல இருக்கிறது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புதன், 16

நன்றாகத் தூங்கினேன். மேடத்திடம் நடந்ததை அப்படியே சொன்னாளாம். "அந்தப் பொண்ணை இன்னொரு நாள் கூட்டிட்டு வா, மார்க்கரை மட்டும் குடுத்துடாதே" என்றாராம். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் 'கூட்டிட்டு வா' என்றுதானே சொல்லியிருக்கிறார்?

வியாழன், 17

பத்தரை மணி. அக்கா இன்னும் வரவில்லை. இன்று ராத்திரி தட்டுகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று போனாள். இந்த முறை எல்லாவற்றிலும் அவளே எழுதினாளாம், அடியில், கோழி கிண்டிய மாதிரி.

அக்கா நினைத்தது தப்பாக இருந்தால்? நீலமும் வெள்ளையும் நிஜமாகவே கலந்து வளர்ந்திருந்தால்? அப்படியிருந்தாலும் அது கிருமி சொல்லும் பதில். என் பொய் அதில் இல்லை. அதை நினைத்தால் மூச்சு நிம்மதியாக வருகிறது.

வண்டிச் சத்தம். அம்மா எழுந்து போகிறாள். ஏதோ பேசுகிறார்கள், காதில் விழவில்லை. காலடி இந்தப் பக்கம்தான் வருகிறது, வேகமாக. நோட்டை ஒளித்து வைக்க வேண்டும்—

தட்டுகிறாள்.

"ஏ குள்ளி, முழிச்சிருக்கேன்னு தெரியும், கதவைத் திற. பட்டினி போட்ட ஆறும் நீலம்டி, ஆறும்—"

இதோ திற