ஊர்த் தண்ணீரோடு மலையேறிய அக்கா

அக்கா,

இன்று சேந்தமங்கலம் சந்தையில் கொல்லிமலைப் பலாப்பழத்தை அறுத்து வைத்திருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நீ கடைசியாக வயிறு குலுங்கச் சிரித்த நாளில் உன் கையெல்லாம் இதே வாசனைதான்.

அன்று ஆடிப் பதினெட்டு. தறியை நிறுத்திவிட்டுக் குடும்பமே மலையேறினோம். அம்மை கண்டு பிழைத்த உன் மகனுக்காக நீ ஒரு வேண்டுதல் வைத்திருந்தாய்: கோயிலாற்றில் மீன் பிடித்து, அதற்கு மூக்குத்தி குத்தி, திரும்ப ஆற்றிலேயே விடவேண்டும். மலையில் தங்கினால் காய்ச்சல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மலைத் தண்ணீர்தான் காரணம் என்று நம்பினோம். அதனால் நம் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, அத்தனை தூரமும் இடுப்பில் சுமந்து வந்தாய். அருவியில் குளிக்கும்போதும் வாயை இறுக மூடிக்கொண்டாய். மாமா, உன் வீட்டுக்காரர், கேலி செய்ய, நீ சிரித்துவிட்டு, பயந்துபோய் மறுபடியும் மூடிக்கொண்டாய்.

பொழுது சாயும்வரை ஒரு மீனும் அகப்படவில்லை. அப்பா இறங்கலாம் என்றார்.

"வேண்டிக்கிட்டதச் செய்யாம எறங்குனா சாமி சும்மா உடுமுங்களா? நீங்க பையனத் தூக்கிக்கிட்டுப் போங்கப்பா. நானும் அவரும் தங்கி, வெடிஞ்சதும் வாரோம்" என்றாய். "எங்ககிட்டத்தான் நம்மூருத் தண்ணி இருக்குதே!"

மறுநாள் முகமெல்லாம் மலர வந்தாய். மீன் கிடைத்துவிட்டதாம். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக்கூடக் காட்டினாய். இரண்டு வாரம் கழித்து உனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வீட்டிலிருந்த போர்வை, நெய்து வைத்திருந்த சேலை எல்லாவற்றையும் உன்மேல் போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை. மாமாவுக்கும் அதே காய்ச்சல், அவர் பிழைத்துக்கொண்டார். நினைவு தப்பும்வரை நீ, "மலைத் தண்ணி நான் ஒரு வாய்கூடக் குடிக்கலீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய், யாரோ உன்மேல் திருட்டுப் பட்டம் கட்டியதுபோல.

வெகுநாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் சொன்னார்: "தண்ணியில எல்லாம் இல்லீங்கம்மா. அந்த மலைக் காய்ச்சல் கொசு கடிச்சு வர்றதுங்க." எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் உன் பிள்ளைக்காக என்னை மாமாவுக்கே கட்டிவைத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன். உன் அடுப்பிலேயே சமைக்கிறேன், உன் தறிக்கே நூல் சுற்றுகிறேன். உன் மகனுக்கு உன் முகம் நினைவில்லை. அவன் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம், முதலில் நீ பதில் சொல்லட்டும் என்று ஒரு நொடி பேசாமல் இருக்கிறேன். அப்புறம்தான் "என்ன சாமி?" என்கிறேன்.