சிவப்புக் கோழியின் புது இறகு

ஜனவரி 9, வெள்ளி

மனைவி ரிஹானாவின் சிவப்புக் கோழியை இன்று காலை அறுத்தேன். எங்கள் ஊர் அலவத்துகொடையில் பனி தொடங்கியதிலிருந்தே அதற்கு இறகு உதிர்ந்துகொண்டிருந்தது. கழுத்து மொட்டையாகி, முட்டையிடுவதும் நின்றது. சீக்கு என்று நானே முடிவு செய்தேன். "செத்துட்டா ஹராம், உசிரோட இரிக்கக்குள்ளயே அறுத்துருவோம்" என்றேன். "இந்தக் குளிர் போகட்டும், கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள். நான் பொறுக்கவில்லை.

ரிஹானா வெந்நீரில் போட்டுப் பிடுங்கியும் தோல் சுத்தமாகவில்லை. என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். உடம்பு முழுக்க ஊசிமுனைபோலப் புது இறகுகள் முளைத்திருந்தன. "சீக்கில்ல. பழைய எறகு உழுந்து புதுசு வந்துகிட்டு இருந்திரிக்கி" என்றாள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க வெகுநேரம் ஆனது. பாதியில் நானும் உட்கார்ந்து பிடுங்கினேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது. அவள் பருப்போடு முடித்துக்கொண்டாள்.

மாலையில் கூட்டை அடைக்கப் போனபோது, மிச்சமிருந்த கறுப்புக் கோழியைக் காணவில்லை. அது அடையும் மூலையில் உதிர்ந்த கறுப்பு இறகுகள் நாலைந்து கிடந்தன. அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.